பழைய பிக்கப்புக்கு இண்டிகேட்டர்: கை காட்டுவதா, கிளாம்ப் சுவிட்ச்சா, தனி அம்பர் விளக்கா, புது ஸ்டீயரிங் தண்டா?

1940களின் கடைசியிலோ 50களின் தொடக்கத்திலோ வந்த அமெரிக்க பிக்கப் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியவர்கள், ஏறக்குறைய முதல் மாதத்திலேயே வந்து நிற்கும் இடம் இது. வண்டியில் இண்டிகேட்டர் இல்லை. எந்த சுவிட்ச் வாங்கலாம், எங்கே மாட்டலாம், ஸ்டீயரிங்கையே மாற்றிவிடலாமா, அல்லது எதையும் தொடாமல் கையைக் காட்டியே ஓட்டிவிடலாமா என்று வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் யோசித்தேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிட்ச்சிலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள். பின்விளக்கிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு, நடுப்பகல் வெயிலில், உங்கள் வண்டியின் பின்பக்கத்தில் என்ன தெரியப்போகிறது? அதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்த சுவிட்ச் என்பது பத்து நிமிட வேலை. சுவிட்ச்சை முதலில் வாங்கிய பலர் கடைசியில் மூன்றாவது முறையாக வயரிங்கைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வண்டிகளில் ஏன் இண்டிகேட்டர் இல்லை என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். புயிக் கார்களில் 1939-லேயே ஒளிரும் இண்டிகேட்டர் வந்துவிட்டது. பிக்கப் ஒரு வேலை வண்டி, அதனால் வெகுகாலம் அதில் இது கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் சாமானாகவே இருந்தது. 1947-இல் தொடங்கிய செவ்ரோலெட் அட்வான்ஸ் டிசைன் வரிசையையும் 1948-இல் வந்த ஃபோர்டு எஃப்-1-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள்: தொழிற்சாலையிலிருந்து சாதாரணமாக வந்தது இடப்பக்கம் ஒரே ஒரு டெயில் லைட்தான். வலப்பக்கம் ஒன்று வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. ஆக, வலப்பக்கம் திரும்புகிறேன் என்று சொல்ல சுவிட்ச் இருந்தாலும் அதைச் சொல்ல விளக்கே இல்லாத வண்டிகள் இவை.

## எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து கேள்விகளை வைத்து ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன்.

முதலாவதும் முக்கியமானதும், வெயிலிலும் இரவிலும் மழையிலும் பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா. இரண்டாவது, பிரேக் மிதித்துக்கொண்டே திரும்பும்போது இரண்டும் தனித்தனியாகப் புரிகிறதா. திரும்பும்போது எப்போதும் பிரேக்கில் கால் இருக்கும் என்பதால் இதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மூன்றாவது, திரும்பி முடித்த பிறகு அணைக்க மறந்தால் என்ன ஆகும். நான்காவது, வண்டியில் எவ்வளவு வெட்ட வேண்டும், நாளைக்கு வேண்டாம் என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா. ஐந்தாவது, டிரெய்லர் இழுப்பீர்களா.

பணத்தை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. இந்த வேலையில் சாமான் விலையைவிட அதைச் சுற்றி மாற்ற வேண்டியவற்றின் செலவுதான் பெரியது, அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

| | கை சைகை | கிளாம்ப் சுவிட்ச், பிரேக்கோடு சேர்ந்த சிவப்பு விளக்கு | தனி அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) விளக்கு | புது ஸ்டீயரிங் தண்டு |
|---|---|---|---|---|
| பகல் வெயிலில் | தெரியும், ஆனால் பலருக்குப் புரியாது | விளக்கின் அளவையும் எர்த்தையும் (மின்சாரம் சட்டகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பொறுத்தது | நன்றாகத் தெரியும் | பின்விளக்கு எதுவோ அதைப் பொறுத்தது |
| இரவில் | தெரியாது | தெரியும் | நன்றாகத் தெரியும் | தெரியும் |
| பிரேக்கும் திருப்பமும் சேர்ந்தால் | பிரச்சினை இல்லை | ஒரு பக்கம் பிரேக் விளக்கு போய் மின்னும் | இரண்டும் தனித்தனி | பெரும்பாலும் சேர்ந்தது |
| அணைக்க மறந்தால் | கேள்வியே இல்லை | பெரும்பாலும் மின்னிக்கொண்டே இருக்கும் | மின்னிக்கொண்டே இருக்கும் | தானாக அணையும் |
| பழைய பிரேக் வயரைத் தொடுவது | இல்லை | கட்டாயம் | இல்லை | முழு வயரிங்கும் மாறும் |
| பழைய நிலைக்குத் திருப்புவது | தேவையில்லை | முடியும், கொஞ்சம் வேலை | சுலபம் | ஏறக்குறைய முடியாது |
| டிரெய்லர் | போதாது | நேராக ஒத்துப்போகும் | இடையில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும் | நேராக ஒத்துப்போகும் |

## கை சைகை மட்டும்

என்னுடையது 1951 செவ்ரோலெட் 3100. வாங்கி முதல் சில மாதங்கள் கையைக் காட்டித்தான் ஓட்டினேன். இடக்கையை நேராக நீட்டினால் இடப்பக்கம், முழங்கையை மடக்கி மேலே தூக்கினால் வலப்பக்கம், கீழே தொங்கவிட்டால் வேகம் குறைக்கிறேன். அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும் எல்லோரும் படித்த பாடம்தான் இது, ஆனால் படித்ததோடு சரி.

ஒரு மாலை, வெளிச்சம் இறங்கும் நேரம். இரண்டு வழிச் சாலை. இடப்பக்கம் ஒரு வீட்டுப் பாதைக்குள் திரும்ப வேண்டும், கையை நீட்டிக்கொண்டே வேகத்தைக் குறைத்தேன். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் இடப்பக்கம் திரும்புவது என்றால் எதிர் வழியைக் குறுக்கே கடப்பது, அதுதான் ஆபத்தான திருப்பம். பின்னால் வந்தவர் நான் மெதுவாகிறேன் என்று மட்டும் புரிந்துகொண்டு என் இடப்பக்கமாகவே முந்த வந்துவிட்டார். கண்ணாடியில் ஹெட்லைட் பெரிதாவதைக் கண்டு திருப்பாமல் நேராகப் போனதால் தப்பித்தேன். அடுத்த சிக்னலில் பக்கத்தில் நின்றபோது அவர் சொன்னார்: "கை காட்டினீர்களா? ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டுக் காற்று வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கை சைகையை அவர் கடைசியாக எப்போது பார்த்திருப்பார்?

சட்டப்படி பழைய வண்டிக்கு இது பெரும்பாலும் செல்லும், ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பல அமெரிக்க மாநிலச் சட்டங்களில் ஒரே மாதிரியான வாசகம்: ஸ்டீயரிங் தண்டின் மேல்முனை நடுவிலிருந்து இடப்பக்க வெளி விளிம்புக்கு, பாடி, கேபின், சுமை எதுவானாலும், 24 அங்குலத்துக்கு மேல் தூரம் இருந்தால், அல்லது அங்கிருந்து வண்டி அல்லது சுமையின் பின்முனை 14 அடிக்கு மேல் போனால், விளக்கால்தான் சைகை கொடுக்க வேண்டும். பிக்கப் தனியாகப் போகும்போது பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கும். பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினால், அல்லது ஏணியும் பலகையும் பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால், கணக்கு மாறிவிடும். உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. பனிக்காலத்தில் ஜன்னலை இறக்க வேண்டும், மழையில் கை நனையும், பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை மெதுவான வேகத்தில் ஒரு கையால் திருப்ப வேண்டும், அதே கை கியரையும் மாற்ற வேண்டும். ஞாயிறு காலை கண்காட்சிக்குப் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காப்பாற்ற வேண்டிய வண்டிக்கு மட்டும் இந்த வழியை ஒப்புக்கொள்வேன். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

## கிளாம்ப் சுவிட்ச்

ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி ஒரு பட்டையால் இறுக்கி மாட்டும், சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும் சுவிட்ச். அந்தக் காலத்திலிருந்தே லாரிகளில் இருப்பதால் பழைய வண்டியில் கண்ணை உறுத்தாது. சிக்னல்-ஸ்டாட் 900 வகையும் அதைப் பார்த்துச் செய்தவையும்தான் அதிகம் புழங்குபவை. 7 வயர் உள்ளதாக வாங்குங்கள். ஏன் 7 என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த வண்டிகளின் டெயில் லைட்டில் இரண்டு ஃபிலமென்ட் உள்ள ஒரே பல்ப் இருக்கும். மங்கலானது இரவு விளக்குக்கு, பிரகாசமானது பிரேக்குக்கு. திரும்பும்போது மின்ன வேண்டியதும் அதே பிரகாசமான ஃபிலமென்ட்தான். அதனால் பிரேக் சுவிட்ச்சிலிருந்து பின்பக்கம் நேராகப் போகும் வயரை வெட்டி, இண்டிகேட்டர் சுவிட்ச்சுக்குள் கொண்டுவந்து, அங்கிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பிரித்து அனுப்ப வேண்டும். இடப்பக்கம் போட்டால் இடது பின்விளக்கைப் பிரேக்கிலிருந்து பிரித்து பிளாஷரோடு (விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் சின்ன சாதனம்) சேர்க்கும், வலது விளக்கு பிரேக்கிலேயே நிற்கும். பிளாஷரிலிருந்து வருவது ஒன்று, பிரேக்கிலிருந்து வருவது ஒன்று, நான்கு மூலைக்கு நான்கு, மீதி ஒன்று நான்கையும் சேர்த்து மின்ன வைப்பதற்கோ பைலட் விளக்குக்கோ (இண்டிகேட்டர் மின்னுவதை ஓட்டுநருக்குக் காட்டும் சின்ன விளக்கு). வயர்களின் நிறம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கூட வரும் தாளைப் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

சரி, இதில் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

வலப்பக்கம் டெயில் லைட் இல்லையென்றால் விளக்கு, அதைத் தாங்கும் பிராக்கெட், சட்டகத்தின் குறுக்கே போகும் வயர் எல்லாம் வாங்க வேண்டும். முன்பக்கப் பார்க்கிங் லைட்டில் பல வண்டிகளில் ஒற்றை ஃபிலமென்ட் ஹோல்டர்தான் இருக்கும், அதை இரட்டை ஃபிலமென்ட் ஹோல்டராக மாற்ற வேண்டும். பிரேக் சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டரில் திரவ அழுத்தத்தால் இயங்குவது, அதற்கு வயதாகியிருக்கும். அது நின்றால் பிரேக் விளக்கே போய்விடும் என்பதால் இந்த வேலையோடு அதையும் சோதித்துவிடுங்கள். துணி சுற்றிய பழைய வயர் இருந்தால் அதை வளைத்தாலே உறை உதிரும், அந்த வயரில் புது இணைப்பு கொடுப்பது நெருப்புக்கு அழைப்பு. பிளாஷருக்கு வரும் வயரில் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

எர்த் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனசில்லை. பழைய பிக்கப்பில் இண்டிகேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை சுவிட்ச்சில் இல்லை, எர்த்தில் இருந்தது. விளக்கு தன் பிராக்கெட் வழியாகத்தான் சட்டகத்துக்கு எர்த் எடுக்கிறது. அந்த பிராக்கெட்டை அழகாகப் பவுடர் கோட்டிங் செய்து மாட்டியிருப்பார்கள், அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது. பின்தொட்டியின் தளம் பல வண்டிகளில் மரப்பலகை, அதன் வழியாகவும் எர்த் கிடைக்காது. அப்போது மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடி, அதே பல்பின் இன்னொரு ஃபிலமென்ட் வழியாகப் போகும். இடப்பக்கம் போட்டால் எல்லாப் பின்விளக்கும் மங்கலாகத் துடிக்கும், பிரேக் மிதித்தால் இரவு விளக்கு எரியும். பலர் இதைப் பார்த்துவிட்டு சுவிட்ச்சை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு விளக்கின் உடலிலிருந்தும் ஒரு தனி எர்த் வயரைச் சட்டகத்தில், பூச்சைச் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். அப்புறம் விளக்கு எரியும்போது அதன் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எங்கோ துரு இருக்கிறது.

இந்தக் காலத்து பிக்கப் பலவும் 12 வோல்ட்டில் இல்லாமல் 6 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை, அந்த 6 வோல்ட் வண்டியில் இது இரண்டு மடங்கு முக்கியம். சாதாரண பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாக விழும். வயரிலும் துருவிலும் அரை வோல்ட் இழந்தால் 6 வோல்ட்டில் ஒளியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். "6 வோல்ட் என்றாலே மங்கல்தான்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இழந்த கால் பங்கைத்தான் பார்க்கிறார்கள். 6 வோல்ட்டுக்கான 1154 பல்பின் பிரகாச ஃபிலமென்ட் 21 கேண்டில்பவர் கொடுப்பது, இரண்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்த்தால் 5 ஆம்பியர். மெல்லிய வயர் போட்டால் அங்கேயே தொலைந்தது. 14 கேஜ் போடுங்கள், நீளமான ஓட்டத்துக்கு அதைவிடத் தடித்த 12 போட்டாலும் தப்பில்லை.

இந்த வழியின் உண்மையான குறை அந்தச் சின்ன விளக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புக் கண்ணாடி. அதில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே நிறத்தில், ஒரே இடத்தில். நீங்கள் பிரேக் மிதிக்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவர் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் அடுத்த வழிக்குப் போனேன்.

டிரெய்லர் அடிக்கடி இழுப்பவருக்கும், வெளியே புது விளக்கு எதுவும் தெரியக்கூடாது என்பவருக்கும் கிளாம்ப் சுவிட்ச்தான் நல்லது. சில வகைகளில் பைலட் விளக்கு பட்டை வழியாகவே எர்த் எடுக்கும், தண்டின் பெயின்ட் கீறாமல் இருக்க அடியில் ரப்பர் வைத்தால் அது எரியாது, அப்போது ஒரு எர்த் வயர் தனியாகக் கொடுங்கள்.

## தனி அம்பர் விளக்கு

இதுதான் என் வண்டியில் இப்போது இருப்பது. பழைய டெயில் லைட்டைத் தொடவே இல்லை. பின்தொட்டியின் கீழே, பம்பருக்கு மேல், இரண்டு பக்கமும் ஓரத்தில் ஒவ்வொரு அம்பர் விளக்கு. முன்னால் பம்பருக்குப் பின்புறம் இரண்டு. நடுவில் நிறுத்தும் ஒரு மூன்று நிலை சுவிட்ச் டேஷ்போர்டின் அடி விளிம்பில், ஒரு பிளாஷர், ஒரு ஃபியூஸ். அவ்வளவுதான்.

வயரிங் எவ்வளவு எளிது என்று பாருங்கள். பிளாஷரின் எக்ஸ் முனைக்கு ஃபியூஸ் வழியாக மின்சாரம், எல் முனையிலிருந்து சுவிட்ச்சின் நடுக் காலுக்கு, சுவிட்ச்சின் ஒரு பக்கத்திலிருந்து இடது இரண்டு விளக்குக்கும் மறுபக்கத்திலிருந்து வலது இரண்டுக்கும். மூன்று முனை பிளாஷர் என்றால் பி (P) முனை பைலட் விளக்குக்கு. பிரேக் வயரை எங்கேயும் வெட்டவில்லை. நான் போட்டதில் ஏதாவது பழுதானாலும் பிரேக் விளக்குக்கு ஒன்றும் ஆகாது. இதைவிடப் பெரிய நிம்மதி எனக்கு வேறில்லை.

அம்பர் நிறம் ஏன் என்று கேட்பார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் அம்பர் மின்னினால் கண் உடனே பிரித்துப் பார்த்துவிடும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முன் வண்டி திரும்பும்போதோ வழி மாறும்போதோ பின்னாலிருந்து மோதப்படும் இரண்டு வண்டி விபத்துகளில் சிக்குவது, பின் இண்டிகேட்டர் சிவப்பாக உள்ள வண்டிகளைவிட அம்பர் உள்ளவற்றில் 5.3 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். பெரிய எண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் நல்ல விளக்குகள் உள்ள கார்களை வைத்து வந்த கணக்கு. உள்ளங்கை அளவு டெயில் லைட் உள்ள வண்டியில் வித்தியாசம் இன்னும் கூடும் என்பது என் சொந்த நம்பிக்கை.

குறைகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. சுவிட்ச் தானாக அணையாது. முதல் வாரத்தில் மூன்று கிலோமீட்டர் இடப்பக்கம் மின்னிக்கொண்டே போனேன், எதிரே வந்த ஒருவர் விளக்கடித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. மின்னிக்கொண்டே போகும் இண்டிகேட்டர் இல்லாத இண்டிகேட்டரைவிட மோசம், ஒருவர் அதை நம்பி வண்டியைக் குறுக்கே விட்டுவிடலாம். பைலட் விளக்கோடு ஒரு சின்ன பஸரையும் சேர்த்தேன், அதோடு அந்தப் பிரச்சினை போயிற்று. பஸர் இல்லாமல் இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். நான்கு விளக்கையும் ஒன்றாக மின்ன வைக்க வேண்டுமென்றால் இரண்டு இணைப்பு கொண்ட தனி சுவிட்ச் ஒன்று கூடுதலாக வேண்டும்.

டிரெய்லர்தான் அடுத்த சிக்கல். அமெரிக்க டிரெய்லர்களின் சாதாரண 4 முனை இணைப்பில் பிரேக்கும் திருப்பமும் ஒரே வயரில் வரும். உங்கள் வண்டியில் அவை தனித்தனி, ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று இடையில் வேண்டும். அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவ் முனை சட்டகத்தோடு சேர்ந்த வண்டிக்கு) செய்தவை, 6 வோல்ட் வண்டிக்கு உதவாது. 6 வோல்ட்டோடு டிரெய்லரும் இழுப்பவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும், கிளாம்ப் சுவிட்ச்சே அவருக்குச் சுலபம்.

விளக்கு தேர்ந்தெடுக்கும்போது அந்தக் காலத்து வட்ட வடிவக் கண்ணாடி விளக்கு ஒன்றைப் பாருங்கள், பளபளப்பான புது பிளாஸ்டிக் விளக்கு இந்த வண்டிக்குப் பொருந்தாது. பிராக்கெட்டைச் சட்டகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் மாட்டினால் துளை போடவே வேண்டாம். வண்டியை விற்கும் நாளில் அரை மணியில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம்.

## புது ஸ்டீயரிங் தண்டு

இண்டிகேட்டர், தானாக அணைவது, நான்கும் மின்னுவது, சாவி, சாய்க்கும் வசதி எல்லாம் உள்ளேயே இருக்கும் தண்டு. கையில் பிடித்தால் இன்றைய கார் மாதிரி இருக்கும். இண்டிகேட்டருக்காக மட்டும் இதை வாங்குவது என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

காரணம் தண்டில் இல்லை, தண்டின் கீழே இருக்கிறது. இந்தக் காலத்து பிக்கப் பலவற்றில் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து ஸ்டீயரிங் பெட்டி வரை ஒரே நீள இரும்புக் கம்பி, பெட்டியோடு சேர்ந்தது. மேலே இருப்பதை மட்டும் கழற்றிப் புதிது மாட்ட முடியாது. கம்பியை வெட்டி இணைப்பு வைக்க வேண்டும், அல்லது ஸ்டீயரிங் பெட்டியையே மாற்ற வேண்டும். மாற்றினால் யு-ஜாயின்ட், நடுவில் தாங்கும் பேரிங், தரையில் புது ஓட்டை, டேஷ்போர்டில் புதுத் தாங்கி. ஸ்டீயரிங்கில் வெட்டி ஒட்டும் வேலையை அனுபவம் இல்லாதவர் செய்யக் கூடாது, உயிரோடு விளையாடும் விஷயம். தண்டிலேயே கியர் மாற்றும் வண்டி என்றால் அந்த நெம்புகோலுக்கும் வழி செய்ய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பின்விளக்கு அதே பழைய சின்ன விளக்காக இருந்தால், முதல் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

எப்போது இது சரி? எஞ்சின், அச்சு, வயரிங் எல்லாம் மாற்றி, பவர் ஸ்டீயரிங்கும் போடத் திட்டமிட்டிருந்தால். எப்படியும் ஸ்டீயரிங் பெட்டி மாறப்போகிறது, அப்போது பழைய தண்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டும் அப்படிப்பட்ட வண்டிக்குத் தானாக அணையும் சுவிட்ச் கட்டாயம் என்றே சொல்வேன். அதோடு, பழைய ஒற்றைக் கம்பி மோதலில் ஓட்டுநரை நோக்கி நேராக வரக்கூடியது, மடங்கும் வகைத் தண்டு போட்டால் அந்த ஆபத்தும் குறையும். இண்டிகேட்டரைவிடப் பெரிய காரணம் அது.

## 6 வோல்ட்டா, 12-ஆ, எல்இடியா

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி குறுக்கே வரும்.

முதலில் உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். செவ்ரோலெட் பிக்கப்புகள் 1955-இன் நடுவே வந்த புது வரிசையிலிருந்து 12 வோல்ட், அதற்கு முன் 6 வோல்ட் நெகட்டிவ் எர்த். ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த், 1956-இலிருந்து 12 வோல்ட் நெகட்டிவ். இடையில் வந்த உரிமையாளர் யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் புத்தகத்தை நம்பாமல் பேட்டரியைப் பாருங்கள்.

இண்டிகேட்டருக்காக 12 வோல்ட்டுக்கு மாறாதீர்கள். மாறினால் எல்லா பல்பும், இக்னிஷன் காயில், ஹீட்டர் மோட்டார், பெட்ரோல் மீட்டருக்கு மின்னழுத்தம் குறைக்கும் சாதனம், ரேடியோ, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்று பட்டியல் நீளும். நல்ல எர்த்தும் தடித்த வயரும் உள்ள 6 வோல்ட் போதுமான ஒளியைக் கொடுக்கும்.

எல்இடி இங்கே உண்மையிலேயே உதவும், குறிப்பாக 6 வோல்ட்டில். டைனமோ வண்டி ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய எதையும் சார்ஜ் செய்யாது. திருப்பத்தில் காத்திருக்கும் நேரம் முழுவதும் பிரேக் விளக்கும் மின்னும் விளக்கும் பேட்டரியிலிருந்தே தின்னும், மின்னும் வேகமும் தூங்கிவழியும். எல்இடி அதில் ஒரு சிறு பங்கைத்தான் இழுக்கும். ஆனால் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். பழைய பிளாஷருக்குள் இருப்பது சூடாகி வளையும் இரட்டை உலோகப் பட்டை, எல்இடி இழுக்கும் கொஞ்ச மின்சாரத்தில் அது சூடாகாது, விளக்கு மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும், எனவே எலக்ட்ரானிக் பிளாஷர் வேண்டும். அந்த எலக்ட்ரானிக் பிளாஷருக்கும் எல்இடிக்கும் திசை உண்டு, பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு அதற்கென்று சொல்லி வாங்க வேண்டும். 12 வோல்ட் என்று அச்சிட்ட எல்இடி 6 வோல்ட்டில் எரியாது, எரிந்தாலும் மங்கும். இடது வலது இரண்டுக்கும் நடுவே ஒரே பைலட் பல்ப் இணைத்திருந்தால் அதன் வழியாக மின்சாரம் கசிந்து நான்கு மூலையும் ஒன்றாக மின்னும், இரண்டு டையோடு போட்டால் சரியாகிவிடும். நிறத்தையும் சொல்லிவிடுகிறேன்: சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி, அம்பருக்கு அம்பர். வெள்ளையைப் போட்டால் சிவப்பு வெளிறிப் போகும்.

## உங்களுக்கு எது

தொழிற்சாலை நிலையில் காப்பாற்றிய வண்டி, பகலில் மட்டும், அருகில் மட்டும் என்றால் கை சைகை, கூடவே தேவைப்படும்போது மாட்டிக் கழற்றும் அம்பர் விளக்கு. டிரெய்லர் இழுக்கும் 6 வோல்ட் வண்டி என்றால் கிளாம்ப் சுவிட்ச், ஆனால் இரண்டு டெயில் லைட்டும், பெரியதாக. முழுவதும் பிரித்து புது ஸ்டீயரிங் பெட்டியோடு கட்டும் வண்டி என்றால் புதுத் தண்டு, அப்போதும் பின்னால் அம்பர் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டும், பெரிதாக மாற்ற மனமில்லாத சாதாரண பிக்கப் என்றால் தனி அம்பரும் பஸரும். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகைதான் என்று நினைக்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரம், சூரியன் பின்விளக்கின் மேல் நேராக விழும்படி வண்டியை நிறுத்துங்கள். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு 100 மீட்டர் பின்னால் நடந்துபோய் நின்று பாருங்கள். அந்த விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால், அதே விளக்கை மின்ன வைக்கும் எந்த சுவிட்ச்சையும் வாங்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றி உள்ளே பிரதிபலிக்கும் பரப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளிப் பூச்சு அடித்து, எர்த் வயர் கொடுத்து, திரும்பவும் அதே இடத்தில் போய் நில்லுங்கள். நான் அப்படி நின்று பார்த்த அன்றுதான் அம்பருக்குப் போவது என்று முடிவு செய்தேன்.